நூற்றிருபத்தேழு

உட்துறைமுக வீதி, மாடி அறை.
மழைக்கு இன்று மூன்றாம் நாள்.
கீழே பூட்டிய மரக்கறிக்கடை வாசலில்
இரண்டு மான்கள் ஒதுங்கி நின்று
கோவா இலை தின்கின்றன.

தொகுப்பானை விட்டு வெளியே வராமல்
ஓர் ஆச்சரியக்குறி போட்டு
மீன்தொகை என்று எழுதி ஏவினேன்.
அப்படி ஒரு கட்டளை இல்லையாம்.
கீழே ஓர் எண்: 127.

முனையத்துக்குப் போய் அதையே எழுதினேன்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.
ஓடுகிறது.
மூதூர், கிண்ணியா, சல்லி,
சூடை இவ்வளவு, பாரை இவ்வளவு என்று
வரிவரியாய் இறங்குகிறது.

திரும்பி வந்தால்
127.

ஹஸ்மியாவுக்கு அழைப்பு எடுத்தேன்.
பாலத்தடியில் பஸ் நிக்குது என்றாள்,
றோட்டில முழங்கால் தண்ணி.
என்ன சொல்லுது?
ஆளே இல்லை எண்டுது.
ஆள் இருக்கா?
அங்க இருக்கு. இங்க இருந்து கூப்பிட்டா இல்லை.
அப்ப நீ கூப்பிடுறது வேற யாரோட வாயால
எண்டு பார்.
இணைப்பு அறுந்தது.

ஆமைக்கு ஓடு.
கணினிக்கும் ஓடு.
ஓடே, ஓடு என்று
வெறும் பக்கத்தில் ஒருதரம் எழுதிப் பார்த்துவிட்டு
அழித்தேன்.

தொகுப்பான் திறப்பது புது ஓடு.
ஒரு கட்டளைக்காகப் பிறக்கும்,
சொல்லி முடித்ததும் சாகும்.
நான் இரண்டு வருடமாய் எழுதிச் சேர்த்த
அமைப்புக் கோப்பை அது வாசித்ததில்லை.
வைத்த செல்லப்பெயர்கள் ஒன்றும் தெரியாது.

பாதை எது என்று அதனிடமே கேட்டேன்.
நாலு இடம் சொன்னது.
முனையம் என்றால் ஒன்பது சொல்லும்.
என் வீட்டு அடைவின் மூலையில்
மீன்தொகை இருக்கும் அறை
நாலில் இல்லை.

சரி, முழு விலாசம் எழுதினேன்,
வேரிலிருந்து, சாய்கோடு சாய்கோடாய்.
ஓடிற்று.
நிறைகள் சரி. கூட்டுத்தொகை சரி.
தலைப்பில் திகதி கேட்ட இடத்தில் மட்டும்
கார்த்திகை என்று நின்றது.
ஒரு நிமிடம் நம்பியும் விட்டேன்.
அது கோப்பின் பெயர்.
வீதக் குறியைக் கண்டால் இந்தத் தொகுப்பான்
திறந்திருக்கும் கோப்பின் பெயரை வைத்துவிடும்.
முன்னால் ஒரு பின்சாய்கோடு.
திகதி வந்தது.

வள்ளங்களின் பெயர்கள் வரவில்லை.
ஸபீனா, கடற்குருவி, தேவமாதா இரண்டு,
எல்லாம் கேள்விக்குறிகள்.
எந்த மொழி என்று யாரும் சொல்லிவைக்காத ஓடு
தெரியாத எழுத்துக்கெல்லாம் அதையே போடுகிறது.

முன்பு ஒருகாலம் இந்த வீதி முனையில்
நான் சொல்லச் சொல்ல
ஒருவர் தன் எழுத்தில் என் பெயரை எழுதினார்.
திருப்பி வாசித்தபோது அது வேறு யாரோ.
ஓம் என்று தலையாட்டிவிட்டு
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

மொழியை ஏற்றுமதி செய் என்பதுதான் கட்டளை.
மீன் கணக்கு எழுதுகிறவளுக்கு
அந்தச் சொல்லில் ஐஸ் பெட்டி மணக்கும்.
மொழியையும் பாதையையும் சேர்த்து
உள்நுழையும்போதே வாசிக்கப்படும் கோப்பில் எழுதி,
வெளியேறி,
மீண்டும் நுழைந்தேன்.

ஆச்சரியக்குறி. மீன்தொகை.

ஹஸ்மியா வந்தபோது ஏழு மணி.
செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.
ஓடிச்சா?
ஓடிச்சு.
திரையில் குனிந்து
தன் மாமாவின் ஸபீனாவைத் தேடிப் பிடித்தவள்
கடைசி வரியில் விரலை வைத்தாள்:
இது இன்னும் பிழை.

மூலக் கோப்பைத் திறந்தோம்.
இறங்குதுறையில் யாரோ
கையால் போட்டதுதான் அந்தக் கேள்விக்குறி.
பெயர் எழுதாத வள்ளம்.
சூடை, நாற்பத்திரண்டு கிலோ.
அதை நாங்கள் தொடவில்லை.